கையெழுத்து நடை

முதல் அடியை இடது காலால் எடுத்து வைப்பது பட்டாளத்துப் பழக்கம். நல்ல காரியம் எதுவானாலும் வலது காலைத்தான் முன்னால் வைக்க வேண்டும் என்பது சோளிங்கரில் இருக்கும் அம்மாவின் கண்டிப்பு. கேப்டன் தணிகைவேல் இரண்டுக்கும் நடுவே அரை நொடி முழித்துவிட்டு இடது காலையே வைத்தான். அம்மா என்ன, பஞ்சாப் எல்லை வரைக்கும் வந்து பார்த்துக்கொண்டா நிற்கிறாள்? மண் மெத்தென்று அமுங்கி பூட்ஸை வாங்கிக்கொண்டது. ஒன்று. வலது கை சுபேதார் ஆசீர்வாதத்தின் பிடியில் இருந்தது, காய்ப்பு ஏறிய சொரசொரப்பான கை. இடது கை சிப்பாய் மாசிலாமணியிடம், அது இந்தக் கார்த்திகைக் குளிரிலும் வியர்த்துக் கிடந்தது. இரண்டு, மூன்று. இருபத்திரண்டு பேர் கைகளை முழுசாக விரித்துக் கோத்துக்கொண்டு, வயலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே வரிசையாகத் தெற்கே பார்த்து நடக்கிறார்கள். தெரியாதவன் பார்த்தால் மீசை வைத்த ஆம்பளைகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி விளையாடுகிறார்கள் என்று சிரிப்பான். சிரிக்கட்டும். கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்த நிலத்தை உடைமைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கும் அன்று, ‘இனி இங்கே ஒன்றும் இல்லை’ என்று தாளில் கையெழுத்துப் போட்ட அதிகாரி, எடுத்த ஆட்களோடு கைகோத்து அந்த நிலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து காட்ட வேண்டும். கவச உடுப்பு கூடாது, முகக் கண்ணாடி கூடாது, கையில் கம்பி கூடாது. மேலிடத்து உத்தரவு எதிலும் இது கிடையாது. இந்தக் கம்பெனியின் வழக்கம், அவ்வளவுதான். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். பையன்கள் இதற்கு வைத்த பெயர் கையெழுத்து நடை. வரிசைக்குப் பத்தடி பின்னால் இரண்டு பேர் மடித்த ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுவும் வழக்கம்தான். பதினாறு, பதினேழு. மொத்தம் நானூறு அடி நடை. இரண்டரை ஏக்கர், ஒடுங்கி நீண்ட நிலம். மறுமுனை வரப்பில் நிலத்துக்காரர் குர்தித் சிங்கின் வீட்டார் அத்தனை பேரும் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் ரோட்டில் ஆம்புலன்ஸ். நடை முடியும் இடத்தில் ஆம்புலன்ஸ் நிற்பது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அம்மாவைக் கேட்க வேண்டும், வேண்டாம், கேட்டால் தூங்க மாட்டாள்.

வெயில் இடது கன்னத்தில் இதமாக விழுந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. இருபத்தாறு வயசில், தோளில் மூன்று நட்சத்திரத்தோடு, தான் கையெழுத்துப் போட்ட மண்ணில் தானே நடக்கிற சுகம் எவனுக்குக் கிடைக்கும்? ராணிப்பேட்டைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் குமுதவல்லி, தை மாதம் இவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், போன வாரக் கடிதத்தில் எழுதியிருந்தாள்: ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள். ராணுவத்தில் இன்ஜினியர் என்று சொல்லிவைத்தேன். பாலம் கட்டுவாரா, ரோடு போடுவாரா என்று விடுவதாயில்லை. என்ன சொல்லட்டும்?’ விவசாயி என்று சொல்லு. மார்கழி முடிந்து தை பிறக்கிற பனியில் விதைத்தான், ஐப்பசியில் அறுத்தான், விதைத்ததும் அறுத்ததும் ஒரே எண்ணிக்கை, மகசூல் என்று ஒரு மணி கூட இல்லை, இப்படி ஒரு விவசாயியை உங்கள் ஸ்டாஃப் ரூம் கண்டிருக்குமா என்று கேள். அவள் சிரிப்பாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள் என்பது பெண் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து, முப்பத்தாறு. ஒரே எண்ணிக்கை. அங்கேதான் பல்லிடுக்கில் மாட்டிய மாம்பழ நார் மாதிரி ஒன்று உறுத்துகிறது. நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான், வரமாட்டேன் என்கிறது. கண்ணிவெடியைப் புதைத்ததும் அதன் பாதுகாப்பு ஊசியை உருவி டப்பாவில் போட வேண்டும். எத்தனை ஊசியோ அத்தனை வெடி. பத்து மாதத்துக்கு முன்னால், சண்டை இதோ வந்துவிட்டது என்று படை மொத்தமும் எல்லைக்கு ஓடிவந்த அந்தத் தையில், இந்த நிலத்து டப்பாவில் விழுந்த ஊசி அறுநூற்றுப் பதினான்கு. சண்டை வரவில்லை. எடுத்த வெடி அறுநூற்றுப் பதிமூன்று.

அதற்கும் ஒரு பதில் இருக்கிறது, இல்லாமல் இல்லை. நேற்று ஆசீர்வாதத்திடம் கேட்டபோது அந்த நாகர்கோவில் மனுஷர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார், “குறையல்ல சார் அது. ஆடி மழையில, மத்தியானம், இந்தப் பக்கம் ஒரு வெடி கேட்டுல்லா? இந்தக் காதால நான் கேட்டேன். பன்னி எதாம் மிதிச்சிருக்கும். இடுப்பளவு தண்ணி நிக்கும்போ குழி எங்கன தெரியும்? எழுதி முடிச்சாச்சு. பெரிய ஆபீசரும் ஒப்புக்கிட்டாச்சு. இனி அதை நோண்டாண்டாம், பாத்துக்கிடுங்க.” சரிதான். அறுநூற்றுப் பதிமூன்றும் ஒரு பன்றியும் சேர்ந்தால் அறுநூற்றுப் பதினான்கு. அப்புறம் என்ன? பிளாஸ்டிக் வெடி, கருவி கண்டுபிடிக்காது என்பதால், புதைத்தபோது போட்ட படத்தில் குறித்த ஒவ்வொரு இடத்தையும் கம்பியால் குத்திப் பார்த்தாயிற்று, அதையும் இரண்டு தரம். ஆறாவது வரிசையின் கடைசி வெடி, படத்தில் ‘மரத்தடி’ என்று போட்டிருக்கிற ஒன்று, அதைத்தான் காணோம். மரத்தடியைச் சுற்றி ஒரு கை நீட்டும் தூரத்துக்கு வேரோடு வேராகத் துளைத்துவிட்டார்கள். இல்லை. ஆகவே பன்றி. தணிகைவேலின் அப்பா இருந்தால் இந்தப் பன்றியை நம்பியிருக்க மாட்டார். மின்வாரிய லைன்மேன், லைனை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கம்பம் ஏறினாலும், கம்பியை முதலில் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையை இழுத்து மூடவைத்துவிடும், புறங்கை என்றால் உதறித் தள்ளும். கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆறு வயசுத் தணிகைக்கு அந்த ஒரு நொடி மட்டும் மூத்திரம் முட்டும். அந்தப் பயத்தை ஒழித்துக்கட்டத்தான் பட்டாளத்துக்கு வந்தேன் என்று மெஸ்ஸில் இரண்டு தடவை பீற்றிக்கொண்டும் இருக்கிறான். ஆனால் நிலத்தைப் புறங்காலால் தொட்டுப் பார்க்க வழியில்லையே அப்பா. எண்பத்தொன்பது, தொண்ணூறு. மாசிலாமணி மூக்கால் ஏதோ ராகம் இழுத்தான். “என்னடா?” என்றான் தணிகைவேல் முன்னால் பார்த்தபடியே.

“ஒண்ணுமில்ல சார். முடிஞ்சதும் நெலத்துக்காரப் பெரியவரு வூட்ல நமக்கு விருந்தாம். கறி இருக்குமான்னு யோசிச்சுனு வரேன்.”

“காலைப் பார்த்து வைடா, கறியை அப்புறம் யோசிக்கலாம்.”

“காலு தானா போவுது சார். அதான் நீங்க கையெழுத்து போட்டுட்டீங்களே.”

இதுதான். இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு ஆள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். தணிகைவேலுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, அதை முகத்தில் காட்டாமல் விறைப்பாக வைத்துக்கொண்டான். நூற்றுப் பத்து. மாசிலாமணி இந்த நிலத்தில் மட்டும் எழுபது வெடி எடுத்தவன், குப்புறப் படுத்து, மூக்குக்கும் வெடிக்கும் நடுவில் ஒரு முழ தூரம் வைத்துக்கொண்டு. இப்போது கறியைப் பற்றி யோசிக்கிறான். அவ்வளவு நம்பிக்கை ஒரு காகிதத்தின் மேல், ஒரு நீல மசியின் மேல், தணிகைவேல் என்று கடைசி எழுத்தை நீட்டி இழுக்கும் ஒரு கோட்டின் மேல். அதில் தப்பே கிடையாது. கையெழுத்துப் போடுமுன் படத்தை மூன்று ராத்திரி பார்த்திருக்கிறான். ஆறு வரிசை, ஒவ்வொரு வரிசையின் கடைசி வெடியையும் அதிகாரியே தன் கையால் வைப்பது இந்தக் கம்பெனியின் இன்னொரு வழக்கம், ஆளை அனுப்பிவிட்டு அதிகாரி ஒதுங்கி நிற்கிறான் என்று எவனும் நினைத்துவிடக் கூடாது. ஆறையும் வைத்தது லெப்டினென்ட் தணிகைவேல்தான். அப்போது இரண்டு நட்சத்திரம், இரண்டு நாள் தூக்கமில்லை, எதிரே நிற்கிறவன் முகம் தெரியாத பனி. கடைசி வெடி, ஆறாவது வரிசை, மரத்தடி. வைத்தேன். வைத்தது ஞாபகம் இருக்கிறது. வைத்ததற்கு அப்புறம் என்ன? அப்புறம் ஒன்றுமில்லை, முடிந்தது, எழுந்தேன். நூற்று நாற்பது. எழுந்தேனா? ஏன் எழுந்ததில் போய் நிற்கிறது புத்தி? ஊசியை டப்பாவில் போட்டேன். டப்பா கிணுங்கியது. அதுவும் ஞாபகம் இருக்கிறது. அந்த மரம் இப்போது இல்லை, கருவேல மரம், ஆனி மாதத்துக் காற்றில் விழுந்து, இடுப்பளவு மொட்டைக்கட்டை மட்டும் நேர் எதிரே, இன்னும் நூற்று முப்பது அடி தள்ளிக் கருப்பாக நிற்கிறது. இன்று காலை குர்தித் சிங் முதலில் கேட்டதே அதைத்தான். நிலம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, “என் மரம் இருக்குதா சாப்?” என்றார். எழுபத்தைந்து வயசு, பத்து மாதமாக மச்சான் வீட்டு மாட்டுக்கொட்டகையில் குடும்பத்தோடு கிடந்தவர். காது மந்தம். தணிகைவேல் தன் அரைகுறை பஞ்சாபியை உரக்கக் கத்தி, மரம் போய்விட்டது, அடிக்கட்டை இருக்கிறது என்றான். “அடி இருந்தா போதும், தழைச்சுடும்” என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார், இந்த வாரம் கோதுமை விதைக்காவிட்டால் வருஷம் போய்விடும், ஏற்கெனவே ஒரு வருஷம் போய்விட்டது என்று. அதைச் சொல்லும்போது அவர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டார். தணிகைவேலுக்கு அது சுருக்கென்று தைத்தது. நாங்கள்தான் அவர் வயலில் வெடியை விதைத்தோம், எதிரி இல்லை.

நூற்றெண்பது. இருநூறு. பாதி. பாதியைத் தாண்டியதும் வரிசை முழுக்க ஒரு இளக்கம் ஓடியது, கோத்த கைகள் வழியாகவே அது தெரிந்தது, கடைக்கோடியில் யாரோ சிரித்தார்கள். ஆசீர்வாதத்தின் பிடிகூடத் தளர்ந்தது. தெற்கிலிருந்து காற்று முகத்தில் அடித்தது. அதில் ஒரு வாசனை. வரப்பில் நிற்கும் பெண்கள் அண்டாவில் எதையோ கொதிக்கவைக்கிறார்கள்; பால், வெல்லம், டீத்தூள், அப்புறம் இன்னொன்று. சோம்பு. டீயில் சோம்பைத் தட்டிப் போடுகிற ஊர் இது, முதலில் குடித்தபோது குருமா குடிப்பதுபோல் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. முதலில் குடித்தது எப்போது? இருநூற்றுப் பதினைந்து. முதலில் குடித்தது இங்கேதான். இதே வயலில். அன்றைக்கு. முழங்காலில் இருந்தான், பனிக்குள் சூரியன் வெளுத்த தட்டு மாதிரி எதிரே, முகத்துக்கு நேரே. மரத்தடியில் சுரண்டிப் பார்த்தால் முழுக்க வேர், சாண் ஆழம்கூட இறங்கவில்லை, கம்பி வளைந்தது. கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்று நினைத்தான். இடது கையால் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வழுக்கியது, வலது கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, அங்கே மண் இளகலாக இருந்தது, அங்கே வைத்தான். இரண்டு கை தூரம். ஒரு கை இல்லை. இரண்டு கை. ஊசியை உருவினான், படத்தில் ‘மரத்தடி’ என்பதை அடித்துவிட்டு ‘மரத்துக்குத் தெற்கே இரண்டு கை’ என்று எழுத பென்சிலைக் காதிலிருந்து எடுத்தான், எடுத்தானா, எடுத்தான், அப்போது பின்னாலிருந்து யாரோ “சார், டீ” என்றார்கள். இரண்டு நாளில் முதல் சூடான டீ. சோம்பு வாசனை. எழுந்தான். அதனால்தான் எழுந்தது ஞாபகம் இருந்தது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு விரல் நுனி சூடேறும் வரை நின்றான், கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவு சுகம், அப்புறம் லாரி வந்தது, அடுத்த வயலுக்குப் போனார்கள். பென்சில் காதுக்கே திரும்பிப் போய்விட்டது. பன்றி இல்லை. பன்றி மிதித்தது பக்கத்துக் கம்பெனியின் வெடியாக இருக்கும், எவனுடையதாகவும் இருக்கும். காணாமல் போனது என்னுடையது. ஒரு டம்ளர் டீ. இருநூற்று நாற்பத்தைந்து.

“நில்!”

இருபத்திரண்டு பேரும் அடித்து வைத்த முளை மாதிரி நின்றார்கள். காலைத் தூக்கியிருந்தவன் அதை எடுத்த தடத்திலேயே இறக்கினான். ஒரு கேள்வி இல்லை. மாசிலாமணியின் கை மறுபடி வியர்க்க ஆரம்பித்தது.

“சாப், அந்த வெடி இருக்கு,” என்றான் தணிகைவேல் ஆசீர்வாதத்திடம்; சுபேதாரை அதிகாரிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. “கட்டைக்குத் தெற்கே, ரெண்டு கை தள்ளி. நான் வச்சது. படத்துல மாத்த மறந்துட்டேன்.”

ஆசீர்வாதம் அவனை ஒரு முறை பார்த்தார். திட்டுவாரோ என்று இருந்தது, திட்டினால் நன்றாக இருக்கும். “செரி சார். இப்பமே தெரிஞ்சுதே, அது போதும். வந்த தடத்துலயே பின்னால போயி, சாமானெல்லாம் எடுத்துட்டு வந்து, அரை மணிக்கூறுல எடுத்துரலாம்.” அதுதான் முறை. அதில் ஒரு சிக்கலும் இல்லை. வெட்கம் மட்டும் மிஞ்சும், கையெழுத்துப் போட்டவன் நடுவயலில் நின்று திரும்பிப் போனான் என்று கம்பெனி பத்து வருஷத்துக்குச் சொல்லும். சொல்லட்டும், அதையும் சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம், குமுதவல்லியிடம்கூடச் சொல்லலாம். தணிகைவேல் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தான், அப்போதுதான் பார்த்தான். வெள்ளைச் சட்டையும் நீலத் தலைப்பாகையுமாக குர்தித் சிங் வயலுக்குள் வந்துகொண்டிருந்தார். எப்போது இறங்கினார்? இவர்கள் பாதி தாண்டியதும் இறங்கியிருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களைப் பாதி வழி போய் எதிர்கொண்டு கூட்டிவருவது அந்த ஊர் மரியாதை. அதை யோசித்திருக்க வேண்டும், யாரும் யோசிக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தடியை ஊன்றி, மண்ணைப் பாதத்தால் தடவித் தடவி, சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர் மாதிரி நேரே அந்த மரக்கட்டையை நோக்கி வந்தார். கட்டைக்கு அவர் பக்கத்திலிருந்து இருபது அடி இருக்கும். இவர்கள் பக்கத்திலிருந்து முப்பது.

“ருக்கோ! பாபாஜி, ருக்கோ!” நிற்கச் சொல்லி இருபத்திரண்டு தொண்டையும் சேர்ந்து கத்தின. டீ வாசனையைக் கொண்டுவந்த அதே காற்று அத்தனை சத்தத்தையும் திருப்பி அடித்துக்கொண்டு போயிற்று. கேட்கிற காதாக இருந்தாலே கேட்டிருக்காது. அவர் கையைத் தூக்கி ஆட்டினார், முகமெல்லாம் சிரிப்பு. தணிகைவேல் இரண்டு கையையும் உதறி விடுவித்தான்.

“சார், வேண்டாம். நான் போறேன்,” ஆசீர்வாதம் சட்டையைப் பிடித்தார்.

“நீங்க வச்சதில்ல சாப். எனக்குத்தான் இடம் தெரியும். ஒருத்தன்கூட அசையக் கூடாது.”

ஓடினான். ஓடும்போதுதான் எல்லாம் தெளிவாக இருந்தது, இவ்வளவு தெளிவாக அந்தப் பத்து மாதத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. கட்டைக்குத் தெற்கே இரண்டு கை. ஆகவே கட்டையின் வலது பக்கமாக மூன்று அடி ஒதுங்கிச் சுற்ற வேண்டும், அவருக்கு முன்னால் போய் நின்று அவர் வந்த தடத்திலேயே அவரைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான், ஒரு சின்ன வேலை. மீதி நிலம் சுத்தம், அறுநூற்றுப் பதிமூன்றும் எடுத்தாயிற்று, இங்கே எங்கே மிதித்தாலும் வெறும் மண், அந்த ஒரு இடம் தவிர. பயமாக இருக்கிறதா? இருக்கிறது. வயிற்றுக்குக் கீழே அந்தப் பழைய ஆறு வயசுக் கூச்சம். இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் கூடவே ஓடி வரட்டும். பத்து அடி, பதினைந்து. அதற்குள் கட்டையை நெருங்கிவிட்டிருந்த பெரியவர் நின்றார். ஆபீசர் தன்னைக் கட்டிப்பிடிக்க ஓடி வருகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, தடியைச் செருப்புக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கையை நீட்டி, கட்டையில் சாய்ந்துகொள்ளலாம் என்று ஒரு எட்டு எடுத்து வைக்கப் போனார். நீட்டிய கைக்கும் கட்டைக்கும் நடுவில்தான் அது இருந்தது. திருப்ப நேரமில்லை. சொல்ல நேரமில்லை. தணிகைவேல் கட்டையைச் சரியாக வலது பக்கம் சுற்றினான், மனசில் இருந்த இடத்தைச் சரியாகத் தாண்டினான், இரண்டு உள்ளங்கையாலும் அவர் மார்பில் கொடுத்துப் பின்னால் தள்ளினான். அவர் தன் தடத்தின் மேலேயே மல்லாக்க விழுந்தார். தள்ளிய வேகத்தில் இவன் வலது கால் ஒரு முழம் முன்னால் இறங்கியது. அங்கே ஒன்றும் இருந்திருக்கக் கூடாது. இவன் ஞாபகத்தில் ஒரு விரற்கடை தப்பில்லை. ஆடி மழைத் தண்ணீர் அதை ஒரு முழம் தெற்கே இழுத்துப் போட்டிருந்தது.

சத்தம் கேட்டதாக அவனுக்கு நினைவில்லை. வானம் ரொம்பப் பக்கத்தில் இருந்தது. முழங்காலுக்குக் கீழே கால் இல்லை என்பதை எட்டிப் பார்க்காமலே தெரிந்துகொண்டான். தொடை இடுக்கிலும் அடிவயிற்றிலும் சூடாக எதுவோ ஓடியது, அதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். பெரியவர் தலைப்பாகை இல்லாமல், நரைத்த முடி தோளில் சரிய, மண்டியிட்டுத் தன் தலைப்பாகைத் துணியால் அவன் தொடையை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. நல்லது. ஆசீர்வாதம் உத்தரவை மீறி இவன் காலடித் தடத்தை மிதித்து ஓடி வந்திருப்பதும், பின்னாலேயே ஸ்ட்ரெச்சர் வந்திருப்பதும் தெரிந்தது. நிற்கச் சொன்னேனே, இவர்களைத் திட்ட வேண்டும். ஊசி போட்டார்கள். தூக்கி வைத்தார்கள்.

“வந்த வழியே திரும்பிப் போலாம்ணா, கால்வாயைச் சுத்தி அந்தப் பக்கம் வண்டி வர முக்கால் மணிக்கூறு ஆயிரும்,” என்றார் ஆசீர்வாதம். “ஆம்புலன்ஸ் முன்னாலதான் நிக்கி. பெரியவரு வந்த தடம் இருக்கு. ரெண்டு பேரு அதை மட்டும் மிதிச்சு, ஒத்தையா, மெல்ல...”

“மெல்ல வேணாம் சாப்.” பேசுவது சுலபமாகத்தான் இருந்தது, வாய்க்கும் தனக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருந்தது, அவ்வளவுதான். “நாலு பேரா தூக்குங்க. நேரா போங்க. ஓடுங்க. அறுநூத்திப் பதினாலும் வந்தாச்சு. இனிமே இங்க ஒண்ணும் இல்ல.”

“சார், முன்னால நூத்தியிருவது அடி யாரும் மிதிக்காத மண்ணு.”

“நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் சாப்.”

சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது. சற்று முன்னால் பொய்யாகிப்போன கையெழுத்து அது. அதே காகிதம், அதே நீல மசி, அதே இழுத்துவிட்ட கோடு. இவர்கள் ஏன் இனிமேல் நம்ப வேண்டும்? வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது, ஒற்றைத் தடத்தில் மெல்லப் போகட்டும், அவன் ஒன்றும் சொல்லப் போவதில்லை. காலுக்காக அவன் அழவில்லை, இதற்காக அழுகை வந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

“என்னலே பாத்துட்டு நிக்கிய?” என்றார் ஆசீர்வாதம். “தூக்குங்கலே. நேரா.”

ஸ்ட்ரெச்சர் எழும்பியது. நாலு பேர் இல்லை, ஆறு பேர். இரண்டு பக்கமும் அகலமாகப் பரந்து, ஒருவன் தடத்தை ஒருவன் மிதிக்காமல், ஒவ்வொருவனும் தனக்கென்று புது மண்ணை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பக்கத்தில் வெறுந்தலையோடு, தடியில்லாமல், பெரியவரும் தன் பழைய தடத்தை விட்டு விலகி ஓடி வந்தார். காலடிகள் மளமளவென்று விழுந்தன. தணிகைவேல் கண்ணைத் திறந்தான். மல்லாக்கக் கிடந்ததால் அவர்களுடைய முகவாய்கள்தான் தெரிந்தன. மாசிலாமணியின் முகவாயில் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் தலை நிமிர்ந்திருந்தது. இந்தப் பக்கம் ஆசீர்வாதம், அவர் தலையும். ஒவ்வொருவராகப் பார்த்தான், ஆறு பேரையும், ஒரு ஆளைக்கூட விடாமல். எல்லோருடைய கண்ணும் எதிரே இருந்த வரப்பில் இருந்தது. எங்கே கால் வைக்கிறோம் என்று ஒருத்தனும் குனிந்து பார்க்கவில்லை. அதைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் அவனுக்கு உயிர் இருந்தது. வரப்பு வருவதற்கு நாற்பது அடிக்கு முன்னால் போய்விட்டது; ஆசீர்வாதத்தின் விரல் அவன் மணிக்கட்டிலேயே இருந்ததால் அவருக்கு அது உடனே தெரிந்தது, அவர் சொல்லவில்லை, ஓட்டத்தையும் குறைக்கவில்லை. மிச்சம் நாற்பது அடியையும் அவர்கள் கீழே பார்க்காமலே ஓடினார்கள்.